எலும்பில் தேடிய மனம்

மாத்தளையில் படித்த நாம் மொனரவில கெப்பெட்டிபொலவை வரலாற்றுப் பாடத்தில் மனனம் செய்தோம். இம்மண்ணில் பிறந்தவர். 1815 கண்டி ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட ஊவாத் திசாவை. வெளிப்பார்வைக்கு ஆங்கிலேயரின் ஆள். கிளர்ச்சியை அடக்க அவர்கள் அனுப்பியபோது, ஆயுதங்களைத் திருப்பியனுப்பிவிட்டுக் கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். 1818 நவம்பர் 26இல் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

வைத்தியத் தொழிலிலுள்ள எம்மை உறுத்துவது அதன் பின் நடந்ததே. இறுதி நேரத்திலும் குலையாத அவரது நிதானத்தை வியந்த இராணுவ வைத்தியர் ஹென்றி மார்ஷல், அவரது மண்டையோட்டை எடின்பரோவிலிருந்த ஒரு சங்கத்துக்குக் கொடுத்தார். மண்டையின் மேடுபள்ளங்களைக் கொண்டே குணத்தைக் கணிக்கலாமென்று நம்பிய சங்கம் அது. (எம் தொழிலின் முன்னோர்தாம்; சொல்லவே வெட்கம்.) பக்கத்தில் இருந்தபோது அறியாத மனத்தை எலும்பில் தேடினார்கள்.

1954இல் அந்த மண்டையோடு நாடு திரும்பியது. இன்று கண்டியில், தலதா மாளிகைக்கு அருகே அடக்கமாகியிருக்கிறது.