ஆன் சல்லிவன் அம்மையார்

தேவாலா போன்ற மலையூர்களில் பணியாற்றும் ஆசிரியர்கள், புலன் குன்றிய சிறார்க்குக் கற்பிக்கும் முறையைத் தம் ஊரிலிருந்தே இணையவழியாகப் பயில முற்படும் இந்நாளில், அத்தொழிலைத் தனித்துக் கற்றுக்கொண்ட ஓர் அம்மையாரின் வரலாற்றை நாம் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

1866-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வறிய குடியிற் பிறந்த ஆன் சல்லிவன், கண்ணோயால் பார்வை மங்கி, தாயையும் இழந்து, ஏழையர் விடுதியில் வளர்ந்தார். 1880-இல் பாஸ்டன் நகரத்துப் பெர்க்கின்ஸ் பள்ளியிற் சேர்ந்து 1886-இல் தேறினார். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி எதனையும் அவர் மிதித்தாரல்லர். கண்ணும் செவியும் இழந்த எலன் கெல்லர் என்னும் சிறுமிக்குக் கற்பிக்க அழைப்பு வந்தபோது, அத்தகையவளேயான லாரா பிரிட்ஜ்மனுக்குக் கல்வி புகட்டிய டாக்டர் ஹௌவின் அறிக்கைகளைச் சில திங்கள் ஊன்றிப் படித்தார். நோவுற்ற கண்களுக்கு அஃது எளிய வேலையன்று. விரலெழுத்தை முன்னரே லாராவிடம் பழகியிருந்தார்.

1887 மார்ச்சு 3-ஆம் நாள் அலபாமா நாட்டு டஸ்கம்பியாவை அடைந்தார். ஏப்ரல் 5-ஆம் நாள், குழாய்நீர் ஒரு கையில் வீழ, மறுகையில் எழுதப்பட்டது அதன் பெயரே எனச் சிறுமி உணர்ந்தாள். பின்னர் நேரம் வகுத்த பாடங்கள் பயன்படாமை கண்டு, அவற்றைக் கைவிட்டு, தாய் குழவியோடு பேசுமாறு முழு வாக்கியங்களாலேயே அவள் உள்ளங்கையிற் பேசலானார். ஏட்டுடன் நில்லாது பிள்ளையிடமும் கற்ற இத்துணிவே அவர்தம் பெருமையென்பது எம் கருத்து.

ராட்கிளிஃப் கல்லூரியில் விரிவுரைகளையெல்லாம் எலனின் கையில் எழுதியவர் அவரே. 1904-இல் பட்டம் எலனுக்குக் கிடைத்தது, ஆசிரியைக்கு இல்லை. டெம்பிள் பல்கலைக்கழகம் அளித்த கௌரவப் பட்டத்தை 1932-இல்தான் ஏற்றார். அப்போது பார்வை பெரிதும் அற்றிருந்தது. 1936 அக்டோபர் 20-ஆம் நாள் காலமானார்.