தொண்டைக்குள் விளக்கேற்றிய டாக்டர்

குழந்தை காசை விழுங்கிவிட்டது. கத்தி வைக்காமல், வாய் வழியே குழாய் விட்டு அதை எடுக்கலாம். அந்த வித்தையை வளர்த்து, ஊர் ஊராகக் கற்றுக் கொடுத்தவர் டாக்டர் செவாலியர் ஜாக்சன்.

1865-ம் ஆண்டு அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் அவர் பிறந்தார். மெலிந்த உடம்பு. பள்ளியில் மற்றப் பையன்கள் அவரைப் படாதபாடு படுத்தினார்கள். கண்ணாடியிலும் பீங்கானிலும் சித்திரம் தீட்டி, அந்தப் பணத்தில் படித்தார். 1886-ல் டாக்டர் ஆனார். புதுக்கோட்டையில் முத்துலட்சுமி ரெட்டி பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

1890-ல் அவர் ஒரு குழாய்க் கருவி செய்தார். அதைக் கொண்டு ஒரு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிய காசை எடுத்தார். பிறகு குழாயின் நுனியில் சிறு மின்விளக்கைப் பொருத்தினார். திறந்த ஊக்கு விழுந்திருந்தால், உள்ளேயே அதை மூடி வெளியே எடுத்தார். எடுத்த பொருள்களைச் சேர்த்து வைத்தார். ஊக்கு, பித்தான், காசு, எலும்பு என்று மொத்தம் 2,374! அவை பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் உள்ளன.

ஒரு வாய்த் தண்ணீர்

அந்நாளில் அமெரிக்க வீடுகளில் துப்புரவுக்குக் காரப்பொடி வைத்திருந்தார்கள். சர்க்கரை என்று நினைத்துக் குழந்தைகள் அதைத் தின்றன. உணவுக்குழாய் வெந்து, சுருங்கி, அடைபட்டது.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. பல நாளாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஜாக்சன் அடைப்பை நீக்கினார். அவள் ஒரு வாய் குடித்தாள். தண்ணீர் இறங்கியது! டம்ளரை விலக்கிவிட்டு, அவர் கையை எடுத்து முத்தமிட்டாள்.

குணப்படுத்தினால் மட்டும் போதாது, தடுக்க வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் போராடினார். அத்தகைய பொட்டலங்களில் விஷம் என்று அச்சிட வேண்டும் என 1927-ல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. 1958-ல், 92-ம் வயதில் ஜாக்சன் காலமானார்.

பெற்றோர் கவனத்துக்கு

வேர்க்கடலையைப் பற்றி அவர் மிகவும் எச்சரித்தார். மூச்சுக்குழாயில் போனால் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். கடலை விளையும் புதுக்கோட்டைச் சீமையில் இதை மறக்கலாகாது. சிறு குழந்தைக்கு முழுக் கடலை கொடுக்கக் கூடாது.

இன்று வேறோர் ஆபத்தும் உண்டு. பொம்மையில் இருக்கும் பொத்தான் பேட்டரி தொண்டையில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும்.

குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால், வாழைப்பழம் கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.