யாத்தலும் கோத்தலும்: மாயூரம் வேதநாயகர்

ஆங்கிலத்தில் காம்போசிஷன் என்றொரு சொல் உண்டு. ஒன்றாகச் சேர்த்து வைத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்தது. கவிஞர் செய்யுள் இயற்றுவதும், இசைவாணர் பாடலுக்கு இசையமைப்பதும், மாணவர் கட்டுரை எழுதுவதும், அச்சகத்தில் ஈய எழுத்துகளை வரிசையாக அடுக்குவதும் அந்த ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. ஒரு பொருள் எவ்வெவற்றால் ஆனது என்னும் இயைபை வேதியியலாரும் அச்சொல்லாலேயே சுட்டுவர். கடன் கொடுத்தவரும் கடன் பட்டவரும் தமக்குள் பேசி முடித்துக்கொள்ளும் உடன்பாட்டுக்கும் சட்டநூல்களில் அதுவே பெயர்.

தமிழ் இச்செயல்களைத் தனித்தனிச் சொற்களால் வேறுபடுத்துகிறது. செய்யுளை யாக்கிறோம், எழுத்தைக் கோக்கிறோம், மாலையைத் தொடுக்கிறோம், சிதறிக் கிடப்பவற்றைத் தொகுக்கிறோம். யாத்தல் என்பதற்குக் கட்டுதல் என்பதே பொருள். கட்டுரை என்னும் சொல்லிலும் கட்டு என்பதே முதலில் நிற்கிறது. சொற்கள் வேறானாலும், தனித்தனியாய்க் கிடப்பவற்றை ஓர் ஒழுங்குக்குள் பிணைக்கும் செயலையே அவை அனைத்தும் உணர்த்துகின்றன.

இச்சொற்கள் பலவற்றுக்கும் தம் வாழ்நாளில் செயல்வடிவம் தந்தவர் ஒருவர் உண்டு. செய்யுள், கட்டுரை, கீர்த்தனை, சட்டத் தொகுப்பு, புதினம் எனப் பலவற்றையும் படைத்த மாயூரம் வேதநாயகரே அவர்.

இளமையும் கல்வியும்

திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் வேதநாயகர் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். கத்தோலிக்கக் கிறித்தவக் குடும்பத்தில் தோன்றிய அவர், இளமையிலேயே தமிழும் ஆங்கிலமும் கற்றுத் தேர்ந்தார்.

கல்வி முடிந்ததும் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியேற்றார். பின்னர் அங்கேயே மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். ஆவணங்களைக் காப்பவர் தாள்களை உரிய வரிசையில் அடுக்க வேண்டும்; மொழிபெயர்ப்பவர் ஒரு மொழியின் சொல்வரிசையைக் கலைத்து, மற்றொரு மொழியின் இயல்புக்கேற்ப அமைக்க வேண்டும். இவ்விரு பணிகளும் அவருக்குப் பிற்காலத்தில் பெரிதும் பயன்பட்டன.

1857ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் முன்சீப் பதவி அவருக்குக் கிடைத்தது. உரிமையியல் வழக்குகளை முதலில் விசாரித்துத் தீர்ப்பளிக்கும் நடுவர் பதவி அது. சீர்காழியிலும் பணியாற்றிய பின், மாயூரத்தில் நெடுங்காலம் முன்சீப்பாக விளங்கினார். இன்றைய மயிலாடுதுறையே அக்காலத்து மாயூரம். அவ்வூரின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

யாத்தல்

நீதிமன்றத்தில் நாள்தோறும் மனித இயல்பின் பல முகங்களையும் கண்டவர் வேதநாயகர். ஒரு காணித் துண்டுக்காகப் பகைத்து நிற்கும் உடன்பிறந்தாரும், பொய்ச்சான்று கூறுவோரும், கையூட்டு வாங்கும் அலுவலரும் நிறைந்த உலகம் அது. தீர்ப்பு ஒரு வழக்கை முடிக்குமே தவிர, அவ்வழக்கு எழக் காரணமான தீய பழக்கத்தைப் போக்காது. ஆதலால் அறத்தை மக்கள் மனத்தில் பதிக்க விரும்பி, 1859ஆம் ஆண்டு ‘நீதிநூல்’ என்னும் செய்யுள் நூலை வெளியிட்டார்.

எழுத்தால் அசையும், அசையால் சீரும், சீரால் அடியும் அமைவது தமிழ்ச் செய்யுள். சீர்களைப் பிணைப்பதைத் தளை என்றும், அடிகள் எதுகை, மோனை முதலியவற்றால் இயைவதைத் தொடை என்றும் இலக்கணம் கூறும். இக்கட்டமைப்புக்குள் நின்று, பெற்றோர் கடமை, மக்கள் கடமை, பொய், களவு, சூது முதலிய பொருள்களை வேதநாயகர் பாடினார். கைக்கூலி வாங்கும் அதிகாரிகளைக் கடுமையாகச் சாடினார். அரசுப் பதவியில் இருந்துகொண்டே அதனைச் செய்ததுதான் அவருடைய துணிவைக் காட்டுகிறது.

கோவையும் நட்பும்

அக்காலத் தமிழ்ப் புலமையுலகில் தலைசிறந்து விளங்கியவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. சைவ மரபில் ஊன்றிய அப்பெரும்புலவரும் கிறித்தவரான வேதநாயகரும் நெருங்கிய நண்பர்கள். சீர்காழியில் வேதநாயகர் பணியாற்றிய காலத்தில் மகாவித்துவான் அவ்வூரின்மீது ‘சீகாழிக்கோவை’ பாடினார். வேதநாயகர் அதனைப் பாராட்டிச் சிறப்புப் பாடல்கள் இயற்றினார். பின்னர் மகாவித்துவான், தம் நண்பரையே பாட்டுடைத் தலைவராக வைத்துக் ‘குளத்துக்கோவை’ என்னும் நூலை இயற்றினார்.

கோவை என்பது அகப்பொருள் நிகழ்ச்சிகளைத் தொடர்ச்சியாக அமைத்துக் கட்டளைக் கலித்துறையால் பாடப்படும் சிற்றிலக்கியம். தலைவனும் தலைவியும் முதன்முதலில் காண்பது தொடங்கி, அவர்தம் வாழ்க்கையின் பல நிலைகளும் தனித்தனிப் பாடல்களாகி, முத்துகளைப் போல் ஒரே சரத்தில் கோக்கப்படுகின்றன. பெயரே அதன் இயல்பைச் சொல்லிவிடுகிறது.

தொகுத்தல்

அந்நாளில் சென்னையிலிருந்த மேல்முறையீட்டு நீதிமன்றமான சதர் அதாலத்தின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. அத்தீர்ப்புகளே கீழ் நீதிமன்றங்களுக்கு வழிகாட்டின. ஆனால் வழக்காட வந்த உழவருக்கும் வணிகருக்கும் அம்மொழி தெரியாது. தம் நிலத்தின்மீதும் மரபுரிமையின்மீதும் எந்தச் சட்டம் செல்லும் என்பதை அறிய அவர்கள் பிறரையே நம்பி நிற்க வேண்டியிருந்தது.

இந்நிலையை மாற்ற முனைந்த வேதநாயகர், 1805 முதல் 1861 வரை வழங்கப்பட்ட தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்தளித்தார். ‘சித்தாந்த சங்கிரகம்’ என்பது அந்நூலின் பெயர். சங்கிரகம் என்றால் தொகுப்பு. தொகுப்பவர் தாமாக ஒன்றையும் புனைவதில்லை. ஆயினும் எதைக் கொள்வது, எதைச் சுருக்குவது, ஆங்கிலச் சட்டச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச்சொல்லை ஆள்வது என ஒவ்வோர் அடியிலும் அவர் முடிவெடுத்தாக வேண்டும். சட்டத் தமிழுக்கு அமைந்த தொடக்ககால அடித்தளங்களுள் ஒன்றாக அந்நூல் விளங்குகிறது.

கட்டுரைத்தல்

பெண்கள் கல்வி பெறுவதைப் பலர் எதிர்த்த காலத்தில், அவர்களுக்காக 1869ஆம் ஆண்டு ‘பெண்மதி மாலை’யை வெளியிட்டார். பெண்களுக்குரிய அறிவுரைப் பாடல்களோடு பெண்கல்வியை வலியுறுத்தும் உரைநடையும் அந்நூலோடு இணைந்தது. எதிர்ப்போர் கூறும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுப்பதற்கு, செய்யுளைவிடக் கட்டுரையே ஏற்ற வடிவம். நீதிமன்றத்தில் வாதங்களை எடைபோட்டுப் பழகியவருக்கு அவ்வடிவம் இயல்பாகவே கைவந்தது.

இசைத்தல்

1872ஆம் ஆண்டு வேதநாயகர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். நான்காண்டுகள் கழித்துத் தென்னிந்தியாவைக் கொடிய பஞ்சம் தாக்கியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். வேதநாயகர் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் அமைத்துப் பசித்தோருக்கு உணவளித்தார். அவருடைய கொடையைக் கண்டு உருகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிக் கீர்த்தனை பாடினார்.

பஞ்சத்தின் துயரம் வேதநாயகரின் பாடல்களிலும் ஒலித்தது. மழையின்றி வாடும் மக்களைக் காக்குமாறு இறைவனை வேண்டிக் கீர்த்தனைகள் இயற்றினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகளைக் கொண்டது கீர்த்தனை. செய்யுள் யாப்பவருக்குச் சீரும் தளையும் போதும். கீர்த்தனை இயற்றுபவரோ சொல்லை இராகத்தோடும் தாளத்தோடும் பொருத்த வேண்டும். ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ என்பது அவருடைய இசைநூலின் பெயர். எந்த ஒரு சமயத்துக் கடவுளின் பெயரையும் சார்ந்திராமல், எல்லாரும் பாடத்தக்க வகையில் அப்பாடல்களை அவர் அமைத்தார். அவற்றுள் சில கருநாடக இசை மேடைகளில் இன்றும் பாடப்பெறுகின்றன.

புனைதல்

ஐம்பது வயதைக் கடந்த நிலையில், பெரும் புலவர்கள் மதிக்கும் செய்யுட் புலமை வேதநாயகரிடம் இருந்தது. அவ்வழியிலேயே அவர் தொடர்ந்திருக்கலாம். ஆனால் தமிழில் உரைநடை நூல்கள் போதிய அளவில் இல்லை என்னும் குறை அவரை வருத்தியது. தமிழில் உரைநடை முன்பே இருந்ததென்றாலும், அது பெரும்பாலும் செய்யுளுக்கு விளக்கமாகவே வளர்ந்திருந்தது. செய்யுளின் துணையின்றித் தன் காலில் நிற்கும் நீண்ட கதையைத் தமிழுக்குத் தர அவர் விரும்பினார்.

1879ஆம் ஆண்டு ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது. தமிழின் முதல் புதினம் என அது போற்றப்படுகிறது. கதைத்தலைவன் பிரதாப முதலியார் தன் வரலாற்றைத் தானே கூறுகிறான். அவனைவிட அறிவிற் சிறந்தவளாக அவன் மனைவி ஞானாம்பாள் படைக்கப்பட்டிருக்கிறாள். ஆணுடை தரித்துச் செல்லும் அவள் ஒரு நாட்டின் ஆட்சியையே ஏற்று நடத்துகிறாள். பெண்மதி மாலையில் அறிவுரையாகச் சொன்னதை இங்கே அவர் ஒரு பெண்ணின் வாழ்க்கையாகப் புனைந்து காட்டினார்.

தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தமிழர் வழக்கு ஆங்கிலத்தில் நடைபெறும் முரண்பாட்டையும் அப்புதினத்தில் நகைச்சுவையோடு கண்டித்தார். நீதிநூலும் சித்தாந்த சங்கிரகமும் எந்தக் கவலையிலிருந்து தோன்றினவோ, அதே கவலை இருபது ஆண்டுகளுக்குப் பின் கதையில் மீண்டும் வெளிப்பட்டது.

அந்நூல் அச்சுக்கூடத்தில் உருப்பெற்றபோது, அச்சுக்கோப்பவர் ஒவ்வோர் ஈய எழுத்தாக எடுத்து வரியாக்கினார், வரிகளைப் பக்கமாக்கினார். செய்யுளைக் கேட்டு மனப்பாடம் செய்யலாம். நீண்ட உரைநடையோ அச்சு நூலின் துணையால்தான் வீடுதோறும் செல்ல முடியும். 1887ஆம் ஆண்டு வேதநாயகரின் இரண்டாம் புதினமான ‘சுகுண சுந்தரி’ வெளிவந்தது. 1889ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள் அவர் மறைந்தார்.

சமரசம்

வழக்காடும் இருவர் தீர்ப்புக்குக் காத்திராமல் தமக்குள் இணங்கிப் போவதை நீதிமன்ற வழக்கில் சமரசம் என்பர். தம் வாழ்வின் பெரும்பகுதியை நீதிமன்றத்தில் கழித்தவர், தம் கீர்த்தனை நூலின் பெயரிலும் அச்சொல்லையே பதித்திருக்கிறார். வழக்கில் இரு தரப்பினரை இணைக்கும் சொல், அங்கே சமயங்களை இணைக்கும் சொல்லாயிற்று. சைவப் புலவரோடு கொண்ட நட்பிலும், சமயம் பாராது பசித்தோருக்கு ஊற்றிய கஞ்சியிலும் அச்சொல்லின் பொருளை அவர் வாழ்ந்து காட்டினார்.

வேதநாயகர் செய்யுளை யாத்தார், தீர்ப்புகளைத் தொகுத்தார், கீர்த்தனைகளை இசைத்தார், கதையைப் புனைந்தார். வடிவத்தை மாற்றும்போதெல்லாம் அவர் தம் புலமையைப் பிறருக்குக் காட்ட முனையவில்லை. சொல்ல வந்த பொருள் யாரைச் சென்று சேர வேண்டுமோ, அவருக்கு விளங்கும் வடிவத்தைத் தேடினார். வழக்கில் சிக்கிய உழவருக்குத் தமிழ்த் தீர்ப்பும், கல்வி மறுக்கப்பட்ட பெண்ணுக்கு ஞானாம்பாளின் கதையும், பஞ்சத்தில் தவித்தவருக்கு இறைவேண்டலும் அவ்வாறே உருவாயின. எழுதத் தொடங்கும் ஒவ்வொருவரும், இதனை யார் படிக்கப் போகிறார் என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம்.