சாமுவேல் பேக்கர்: நுவரெலியா மலையில் பீர் காய்ச்சியவர் நைல் நதிக்குப் போனது எப்படி?

ரவாங்கில் மதியம் இரண்டு மணிக்கு வெளியே நின்று பாருங்கள். வெயில் 32, 33 டிகிரியில் கொதிக்கும். அந்தச் சூட்டில் அரைத்து வைத்த தோசை மாவு என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். நேரம் தவறினால் பொங்கி வழிந்து, வாயில் வைக்க முடியாத அளவுக்குப் புளித்துவிடும்.

பீருக்கும் இதே பிரச்சினைதான். பார்லியை முளைகட்டி, உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்து எடுக்கும் சாற்றை ஈஸ்ட்தான் பீராக மாற்றுகிறது. ஏல் வகை பீருக்கு 18 முதல் 22 டிகிரி வரை போதும். அதைவிடச் சூடானால் சுவை கெடும், கிருமிகள் புகுந்துவிட்டால் புளிக்கும்.

இன்று குளிர்ப்பெட்டி இருக்கிறது. அது இல்லாத காலத்தில் வெப்ப நாடுகளில் பீர் காய்ச்ச நினைத்தவர்கள் என்ன செய்தார்கள்? மலை ஏறினார்கள். இந்தியாவில் கசௌலி, முர்ரீ, நீலகிரி. இலங்கையில் நுவரெலியா. அந்த நுவரெலியா கதையில் முதலில் வரும் பெயர் சாமுவேல் பேக்கர்.

நீங்கள் பீர் குடிப்பவரோ இல்லையோ, இவருடைய வாழ்க்கை தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. நம் முன்னோர் கூலிகளாகக் கப்பலேறிய அதே உலகத்தின் மறுபக்கம் அதில் தெரிகிறது.

சர்க்கரைப் பணத்தில் வளர்ந்த பிள்ளை

பேக்கர் 1821 ஜூன் 8ஆம் தேதி லண்டனில் பிறந்தார். அப்பா பெரிய வணிகர். ஜமைக்காவிலும் மொரிஷியசிலும் குடும்பத்துக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. 1830களில் சட்டப்படி ஒழிக்கப்படும் வரை அந்தத் தோட்டங்களில் வெட்டியதும் சுமந்ததும் அடிமைகள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் பின்னால் மறுபடியும் வரும்.

மொரிஷியஸ் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போன பேக்கருக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. வேட்டை ஆசையில் 1846இல் இலங்கைக்கு வந்தார். அங்கே கடும் காய்ச்சலில் விழுந்தவர், உடம்பு தேற நுவரெலியாவுக்குப் போனார். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரம், சராசரி வெப்பநிலை சுமார் 16 டிகிரி. நம்ம கேமரன் மலையைவிடக் குளிர். இரண்டே வாரத்தில் எழுந்து நடமாடினார். இங்கேயே ஓர் ஆங்கிலேயக் கிராமத்தை உருவாக்கினால் என்ன என்று தோன்றியது.

கப்பலில் வந்த கிராமம்

1848இல் இங்கிலாந்திலிருந்து ஒரு கப்பலில் ஆட்களை வரவழைத்தார். பண்ணை மேற்பார்வையாளர், கொல்லர், குதிரைக்காரர் என்று ஒரு கூட்டம். கூடவே உயர்ரக மாடு, ஆடு, வேட்டை நாய்கள், விதைகள், இயந்திரங்கள்.

ஆரம்பமே சறுக்கல்தான். குடியில் நாட்டமுள்ள குதிரைக்காரர் புத்தம்புதிய வண்டியைக் குதிரைகளோடு பள்ளத்தில் கவிழ்த்தார். விழுந்த பொருளை மீட்க யானையை அனுப்பினால், அதையும் மலையில் விரட்டி விரட்டியே சாகடித்தார்.

மண்ணும் ஏமாற்றியது. பார்க்கக் கறுப்பாக, வளமாகத் தெரிந்த மண்ணில் சத்தில்லை. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. ஓட்ஸ் பயிரை மரைகளும் காட்டுப்பன்றிகளும் மேய்ந்தன. பேக்கர் எருவைக் கொட்டிக் கொட்டி நிலத்தை மெல்லத் திருத்தினார்.

இந்தக் காலத்தில்தான், 1849இல், அவர் சிறிய அளவில் பீர் காய்ச்சத் தொடங்கினார் என்று இலங்கை பீர் தொழிலின் வரலாறு சொல்கிறது. பின்னாளில் லயன் என்ற பெயரில் புகழ்பெற்ற பீரின் வேர் அதுதான்.

ஹாப்ஸ் ஏன் நம்ம ஊரில் காய்ப்பதில்லை?

குளிர் கிடைத்தது, மலை ஊற்றுத் தண்ணீர் கிடைத்தது. கிடைக்காதது ஹாப்ஸ்.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பச்சைப் பூங்கொத்து. பீரின் கசப்பும், எலுமிச்சைத் தோல், பைன் மரம் போன்ற வாசனையும் அதிலிருந்துதான். இன்று கடைகளில் ஐபிஏ என்று விற்கிறார்களே, அதில் ஹாப்ஸ் தூக்கலாக இருக்கும். அந்தப் பெயரின் விரிவு இந்தியா பேல் ஏல். இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவுக்கும் மெட்ராசுக்கும் பல மாதம் கப்பலில் வந்த பீர் அது. ஹாப்ஸில் உள்ள அமிலங்கள் பீரைப் புளிக்க வைக்கும் கிருமிகளைத் தடுக்கும். அதனால் ஏற்றுமதி பீருக்குக் கூடுதலாகப் போட்டார்கள். அப்போ அந்தக் கசப்பு வெறும் ருசிக்காக வந்ததில்லை, பயணத்துக்கான பாதுகாப்பும்தான்.

ஹாப்ஸ் கொடி நன்றாகப் பூக்க கோடையில் நீண்ட பகல் வேண்டும். ரவாங் பூமத்திய ரேகைக்கு வடக்கே 3 டிகிரி, நுவரெலியா 7 டிகிரி. இரண்டு இடத்திலும் ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். எவ்வளவு உயரம் ஏறினாலும் பகல் நீளாது. அதனால் உலர்த்திய ஹாப்ஸ் கப்பலில் வர வேண்டியிருந்தது. இன்றைக்கும் நம் பகுதியில் காய்ச்சப்படும் பீருக்கு அது இறக்குமதிதான்.

மலையில் வேறு யார் இருந்தார்கள்?

பேக்கர் நுவரெலியாவில் இருந்த அதே 1840களில், தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்தே கண்டிச் சீமைக் காப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். பிறகு அதே தமிழ் மாவட்டங்களிலிருந்து மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் ஆட்கள் வந்தார்கள். ரவாங், கிள்ளான் பக்கம் உங்கள் தாத்தா பாட்டி வந்த கதையும் இதில் சேரும்.

பேக்கரின் காட்டை வெட்டிய தொழிலாளர்கள், எரு சுமந்தவர்கள் யாருடைய பெயரும் நமக்கு வந்து சேரவில்லை. குடிகாரக் குதிரைக்காரருக்குக்கூட அவருடைய புத்தகத்தில் பெயர் உண்டு.

அடிமைச் சந்தையில் ஒரு திருப்பம்

1855இல் பேக்கர் இலங்கையை விட்டுக் கிளம்பினார். அதே ஆண்டு இறுதியில் மனைவி ஹென்றியேட்டா காய்ச்சலில் இறந்தார். நான்கு பெண் குழந்தைகளைச் சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டு ஐரோப்பாவில் சுற்றினார்.

1859இல், இன்றைய பல்கேரியாவில் உள்ள விதின் நகரின் அடிமைச் சந்தையில், விற்பனைக்கு நிறுத்தப்பட்டிருந்த ஓர் இளம்பெண்ணைக் கண்டு, தன்னோடு அழைத்துப் போனார். அவர்தான் பிளாரன்ஸ். அடிமைகள் உழைத்த சர்க்கரைப் பணத்தில் வளர்ந்தவரின் வாழ்க்கைத் துணை, அடிமைச் சந்தையிலிருந்து மீண்ட பெண்.

இருவரும் சேர்ந்து நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போனார்கள். 1864 மார்ச் 14ஆம் தேதி ஒரு பெரிய ஏரியை அடைந்து, அதற்கு ஆல்பர்ட் என்று பெயரிட்டார் பேக்கர். கரையில் வாழ்ந்த மக்களுக்கு அது புதிதில்லை, ஐரோப்பிய வரைபடத்துக்குத்தான் புதிது.

அந்தப் பயணத்தில் கொய்னா மருந்து தீர்ந்து காய்ச்சலில் கிடந்தபோது, பேக்கர் பானைகளையும் நாணலையும் வைத்துச் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து சாராயம் இறக்கினார். அதைக் குடித்துத்தான் பிழைத்ததாக நம்பினார். மலேரியாவுக்கு மது மருந்தாகாது, அது வேறு விஷயம். ஆனால் நுவரெலியாவில் பீர் காய்ச்சிய மனுஷன் ஆப்பிரிக்கக் காட்டிலும் அடுப்பு மூட்டினார் பாருங்கள்.

1866இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. ஆனால் விக்டோரியா அரசி பிளாரன்ஸைத் தன் அரசவையில் ஏற்கவே இல்லை.

மீட்பரா, படையெடுத்தவரா?

1869இல் எகிப்து ஆட்சியாளர் இஸ்மாயில், மேல் நைல் பகுதிக்கு பேக்கரை ஆளுநராக்கினார். நான்கு ஆண்டு வேலை, ஆண்டுச் சம்பளம் 10,000 பவுண்டு. அடிமை வணிகத்தை ஒழிப்பதும் எகிப்தின் எல்லையை விரிப்பதும் கடமை.

வடக்கு உகாண்டாவில் அவர் கோட்டை அமைத்த பதிக்கோவில், அடிமை வணிகர்களை விரட்டியவர் என்ற நல்ல பெயர் இன்றும் உண்டு. புன்யோரோ நாட்டிலோ, 1872இல் படையோடு வந்து போர் செய்தவர் என்றுதான் நினைவில் வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே மனிதர்தான்.

பேக்கர் 1893 டிசம்பர் 30ஆம் தேதி இங்கிலாந்தின் டெவன் பகுதியில் இறந்தார்.

இன்று அந்த பீர் எங்கே?

இயந்திரக் குளிர்சாதனம் வந்தபிறகு பீருக்கு மலை தேவைப்படவில்லை. 1932இல் சிங்கப்பூரின் வெயிலிலேயே டைகர் பீர் வந்தது. லயன் பீர் ஆலையும் 1990களின் பிற்பகுதியில் நுவரெலியாவிலிருந்து கொழும்பு அருகே பியகமவுக்கு இறங்கியது.

மலேசியாவில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. விதி 2017 டிசம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. உரிமம் இல்லாமல் காய்ச்சுவதும் குற்றம்.

அடுத்த முறை நுவரெலியா போனால், ஏரிக்கரையில் நின்று அந்தக் குளிரைக் கொஞ்சம் அனுபவியுங்கள். பேக்கர் அங்கே தங்க அதுதான் காரணம். பிறகு சுற்றியுள்ள மலைச்சரிவுகளைப் பாருங்கள். அங்கே இப்போது தேயிலை. கொழுந்து பறிக்கிறவர்களிடம் ஊர் எது என்று கேட்டால், உங்கள் பாட்டி சொன்ன ஊர்ப் பெயரே பதிலாக வரலாம்.