வேலையற்றோர்க்கு வழி கண்ட வில்லியம் பெவரிட்ஜ்

பொருளியல் மாணவர்களாகிய நமக்குப் பெவரிட்ஜ் என்ற பெயர் ஐந்து மதிப்பெண் வினாவாகத்தான் அறிமுகம் ஆகிறது. 1942ஆம் ஆண்டு அறிக்கையைக் குறிப்பிட்டு, மனித சமுதாயத்தை வாட்டும் அரக்கர்கள் என அவர் கூறிய இல்லாமை, நோய், அறியாமை, சுகாதாரக்கேடு, வேலையின்மை ஆகிய ஐந்தையும் வரிசையாக எழுதிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். நானும் அவ்வாறே எழுதிப் பெற்றவன்தான். ஆனால் 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் என் தந்தையார் வேலை பார்த்த நூற்பாலை மூடப்பட்டபோது, வேலையிழந்தோருக்கு இ.எஸ்.ஐ. திட்டத்தின்கீழ் அளிக்கப்பட்ட உதவித்தொகைக்காக அவர் சார்பில் படிவத்தை நிரப்பியவன் நான். அப்போது பத்தாம் வகுப்பு மாணவன். இத்தனை நாட்கள் சந்தா செலுத்தியிருக்க வேண்டும், தவறான நடத்தைக்காக நீக்கப்பட்டிருக்கக் கூடாது என்றெல்லாம் இருந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாக அப்பாவிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். இவற்றை முதன்முதலில் யார் உட்கார்ந்து யோசித்து வகுத்தார்கள் என்ற கேள்வி கல்லூரிக்கு வந்த பிறகுதான் எனக்குள் எழுந்தது. நூலகத்தில் தேடப் போய் மீண்டும் பெவரிட்ஜிடமே வந்து நின்றேன்.

வில்லியம் ஹென்றி பெவரிட்ஜ் 1879ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள், அன்றைய வங்காளத்தைச் சேர்ந்ததும் இன்று வங்காளதேசத்தில் உள்ளதுமான ரங்பூரில் பிறந்தார். தந்தையார் ஹென்றி பெவரிட்ஜ் ஐ.சி.எஸ். அதிகாரி, மாவட்ட நீதிபதியாகப் பணியாற்றியவர், ஓய்வுபெற்ற பின் அக்பர் நாமாவைப் பாரசீகத்திலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அன்னையார் அனெட் அக்ராய்டு, கேசவ சந்திர சென்னின் சொற்பொழிவால் ஈர்க்கப்பட்டுக் கல்கத்தாவுக்கு வந்து, 1873இல் இந்துப் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கியவர். பிற்காலத்தில் பாபரின் நினைவுக் குறிப்புகளை மொழிபெயர்த்தவர். இத்தகைய இல்லத்தில் பிறந்த பிள்ளை புத்தகங்களோடு வளர்ந்ததில் வியப்பில்லை. ஆக்ஸ்போர்டில் பேலியல் கல்லூரியில் கணிதமும் செவ்வியல் இலக்கியமும் பயின்று முதல் வகுப்பில் தேறினார். மகன் பெரிய வழக்கறிஞராக வருவான் என்று தந்தையார் எண்ணியிருந்தார். மகனோ 1903இல் கிழக்கு லண்டனின் ஏழைக் குடியிருப்புகளுக்கு நடுவே இருந்த டாயின்பி ஹால் என்ற சமூகப்பணி நிலையத்தில் துணைத் தலைவராகப் போய்ச் சேர்ந்தார். தகப்பனாருக்கு இதில் மனவருத்தமே.

அந்நாளில் குளிர்காலம் வந்தால் லண்டன் துறைமுகத்தில் வேலை குறையும். வேலையற்றவர்களுக்கென நன்கொடை திரட்டுவார்கள். சில வாரங்களுக்கு ஏதோ ஒரு வேலையைக் கொடுத்துக் கூலி தருவார்கள். நன்கொடை தீர்ந்ததும் எல்லாம் பழையபடியே ஆகிவிடும். இவ்வாறு உதவி பெற்றவர்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி ஆராய்ந்தவர்களில் பெவரிட்ஜும் ஒருவர். வேலை கிடைக்காததற்குச் சோம்பலே காரணம் என்று அன்றைய கனவான்கள் பலர் நம்பினார்கள். பெவரிட்ஜ் கண்டது வேறு. துறைமுக வாயில் ஒவ்வொன்றிலும் தேவைக்கு மேலாக ஒரு கூட்டம் நாள்தோறும் காத்து நிற்கிறது. ஒரு வாயிலில் ஆள் பற்றாக்குறை, மறு வாயிலில் ஆள் மிகுதி. இவ்விரண்டையும் இணைக்க ஓர் இடமில்லை. ஆகவே வேலையின்மை என்பது தொழிற்துறையின் அமைப்பில் உள்ள கோளாறு என்ற முடிவுக்கு வந்தார். 1909இல் வெளிவந்த அவரது முதல் பெரிய நூலின் தலைப்பே அதனைத் தெரிவிக்கும்.

அவரைத் தெய்வமாக்க நான் விரும்பவில்லை. 1906 வாக்கில், எந்த வேலைக்கும் தகுதியற்றவர்கள் எனக் கருதப்பட்டோருக்கு வாக்குரிமை முதல் தகப்பனாகும் உரிமை வரை மறுக்கப்படலாம் என்றும் இவரே கருத்துத் தெரிவித்திருக்கிறார். படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உதவி பெறத் தகுந்தவர் யார், தகாதவர் யார் என்று கோடு கிழிக்கும் ஆசை அவரை வாழ்நாள் முழுவதும் விடவேயில்லை எனலாம்.

1907இல் ஜெர்மனிக்குச் சென்று அங்குள்ள வேலைவாய்ப்பு நிலையங்களையும் தொழிலாளர் காப்பீட்டையும் நேரில் கண்டு வந்தார். மறு ஆண்டே வர்த்தக அமைச்சகம் அவரை அழைத்துக்கொண்டது. அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். துறையின் செயலாளர் ஹூபர்ட் லூவெலின் ஸ்மித். இம்மூவரின் கூட்டுழைப்பால் 1910 பிப்ரவரி 1ஆம் நாள் பிரிட்டனில் 60க்கும் மேற்பட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. அவற்றின் இயக்குநர் பெவரிட்ஜ், வயது முப்பது.

அலுவலகம் இருந்தால் மட்டும் போதாது, வேலை கிடைக்கும் வரை குடும்பம் சாப்பிட வேண்டுமல்லவா? அதற்காக வந்ததே 1911ஆம் ஆண்டு தேசியக் காப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் பகுதி. கட்டடம், கப்பல் கட்டுதல், இயந்திரப் பொறியியல், இரும்பு வார்ப்பு, வண்டி கட்டுதல், மர அறுப்பு போன்ற தொழில்களில் இருந்த ஏறத்தாழ 22½ லட்சம் தொழிலாளர்களுக்கு மட்டுமே இது பொருந்தியது. உலகில் ஒரு நாடு முழுவதற்குமாகக் கட்டாய முறையில் கொண்டுவரப்பட்ட முதல் வேலையின்மைக் காப்பீடு இதுவே.

இதன் நடைமுறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நம் பாடநூல் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகிறது. தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம் உண்டு. வாரந்தோறும் முதலாளி அதில் ஒரு ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். தொழிலாளி 2½ பென்ஸ், முதலாளி 2½ பென்ஸ். இரண்டும் சேர்ந்த தொகையில் மூன்றில் ஒரு பங்கை அரசு தன் பங்காகச் சேர்க்கும். 1912 ஜூலையில் ஸ்டாம்பு ஒட்டத் தொடங்கினார்கள். 1913 ஜனவரியில் உதவித்தொகை வழங்கத் தொடங்கினார்கள். வேலை போனவர் தன் புத்தகத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு அங்கேயே வந்து கையொப்பம் இட்டுவர வேண்டும். வேலை கிடைத்தால் புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போகலாம். முந்தைய 5 ஆண்டுகளில் குறைந்தது 26 வாரங்களாவது அத்தொழிலில் இருந்திருக்க வேண்டும். முதல் வாரத்திற்கு ஒன்றும் கிடையாது. பிறகு வாரம் 7 ஷில்லிங், ஆண்டுக்கு 15 வாரங்கள் வரை. அதுவும் ஐந்து வாரச் சந்தாவுக்கு ஒரு வார உதவி என்ற கணக்குக்குள் அடங்க வேண்டும்.

7 ஷில்லிங் எவ்வளவு பெறும்? 1899இல் யார்க் நகரின் ஏழ்மையை ஆராய்ந்த சீபோம் ரவுன்ட்ரி, ஐந்து பேர் கொண்ட குடும்பம் உடலில் உயிர் தங்க வாரத்திற்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ் வேண்டும் எனக் கணக்கிட்டிருந்தார். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு இத்தொகை. தெரிந்தே குறைவாக வைத்தார்கள். சேமிப்போடு சேர்ந்து ஓர் ஊன்றுகோலாக இருக்கட்டும் என்பதே எண்ணம். எனினும் அந்த ஏழு ஷில்லிங்கைக் கைநீட்டி வாங்கியவர் பிச்சை கேட்கவில்லை. ஸ்டாம்பு ஒட்டிய புத்தகம் ஒன்று அவர் பெயரில் இருந்தது.

குடித்துவிட்டு வேலைக்கு வந்ததால் நீக்கப்பட்டவனுக்கும் பணம் தரலாமா என்ற சர்ச்சை 1909இலேயே அமைச்சகத்துக்குள் எழுந்தது. அவனும் சந்தா கட்டியவன்தானே, கணக்கில் ஒழுக்கத்தைக் கலக்க வேண்டாம் என்பது சர்ச்சிலின் கட்சி. லூவெலின் ஸ்மித் இணங்கவில்லை. முடிவில் தவறான நடத்தையால் நீக்கப்பட்டவருக்கும், தக்க காரணமின்றித் தாமாகவே விலகியவருக்கும் 6 வாரம் உதவி இல்லை என்று சட்டம் விதித்தது. தொழில் தகராறு நடக்கும் ஆலையில் வேலை இழந்தவருக்கும் இல்லை. அதே சமயம், வேலைநிறுத்தம் நடக்கும் இடத்தில் காலியான வேலையை ஏற்காததற்காகவோ, வழக்கமான கூலிக்குக் குறைந்த வேலையை மறுத்ததற்காகவோ யாருடைய உதவியையும் நிறுத்தக் கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது.

இல்லை என்று அதிகாரி சொல்லிவிட்டால்? என்னைப் பெரிதும் கவர்ந்த பகுதி இதுதான். காப்பீட்டு அதிகாரியின் முடிவை எதிர்த்துத் தொழிலாளி நடுவர் மன்றத்தை நாடலாம். மன்றத்தில் முதலாளிகள் தரப்பில் ஒருவர், தொழிலாளர் தரப்பில் ஒருவர், பொதுவான தலைவர் ஒருவர் என மூவர். அவர்கள் பரிந்துரைத்ததை அதிகாரி ஏற்காவிட்டால் வழக்கு அரசரால் நியமிக்கப்பட்ட தலைமை நடுவரிடம் போகும். அவர் கூறுவதே இறுதி. அவருடைய தீர்ப்புகள் அச்சிட்டு வெளியிடப்பட்டன. அடுத்து வரும் வழக்குகளுக்கு அவை முன்மாதிரிகளாயின. மறுத்த அதிகாரியின் மேசையிலேயே மறுபடியும் போய்க் கெஞ்ச வேண்டிய நிலை இல்லாமற்போனது. பணத்தின் அளவு சிறிதுதான். ஆயினும் ஒரு கொத்தனாரும் கொல்லரும் அரசு அதிகாரியின் முடிவை வழக்குச் செலவுக்கு அஞ்சாமல் எதிர்த்து நிற்க இடம் கிடைத்தது பெரிய மாறுதல் என்றே நான் கருதுகிறேன்.

முதல் உலகப் போருக்குப் பின் நிலைமை தலைகீழானது. 1920இல் காப்பீடு சுமார் 1 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது. பயிர்த்தொழிலும் வீட்டுவேலையும் விலக்கப்பட்டன. விரிவுபடுத்திய கையோடு மந்தம் வந்து சேர்ந்தது. சந்தா தீர்ந்துபோனவர்களுக்கும் அரசு கொடுக்க நேர்ந்தது. அதற்கு ஈடாக, உண்மையாகவே வேலை தேடுவதாக விண்ணப்பதாரரே மெய்ப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனை 1921இல் நுழைந்தது. நேற்று எந்தெந்த ஆலைக்குப் போனார், எத்தனை மணிக்குப் போனார் என்று கேட்டார்கள். ஊரில் ஒரு சுரங்கமும் இயங்கவில்லை என்று தெரிந்திருந்தும் ஆட்கள் மூடிய வாயில்களுக்கு நடந்து போய்த் திரும்பினார்கள். 1930இல் அந்நிபந்தனை நீக்கப்படும் வரையில் ஏறத்தாழ 30 லட்சம் கோரிக்கைகள் இந்தக் காரணத்துக்காகத் தள்ளுபடியாயின. அடுத்த ஆண்டே வேறொன்று வந்தது: காப்பீட்டுக் காலம் தீர்ந்தவர்களின் குடும்ப வருமானத்தைச் சோதிக்கும் முறை. வீட்டுக்கு வந்து மகன் சம்பாதிப்பதை விசாரித்து, அதைத் தகப்பனின் தொகையில் கழித்தார்கள். ஒரு தகப்பனுக்கு அது எப்படியிருந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அக்காலத்தில் பெவரிட்ஜ் எங்கே இருந்தார்? 1919 முதல் 1937 வரை லண்டன் பொருளியல் பள்ளியின் இயக்குநர். அப்பள்ளியை வளர்த்தவரும் அவரே, ஆசிரியர்களோடு ஓயாமல் சண்டையிட்டவரும் அவரே. 1933இல் ஹிட்லரால் விரட்டப்பட்ட அறிஞர்களுக்கு உதவ அமைப்பு ஒன்றை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. வேலையின்மை பற்றி 1930இல் அவர் எழுதியவை கண்டிப்பானவை. சந்தாவுக்கும் உதவிக்கும் இருந்த ஒப்பந்தம் அறுந்துபோய், வரம்பில்லாத தானமாகிவிட்டதே என்பது அவரது குறை. சுரங்க வாயில்களுக்கு வீணே நடந்தவர்களைவிடக் காப்பீட்டு நிதியின் கணக்கே அவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்ததோ என்று எனக்குத் தோன்றுகிறது. 1934இல் அந்நிதியை மேற்பார்வையிடும் சட்டபூர்வக் குழுவுக்கு அவரே தலைவரானார். பத்தாண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார்.

1942 அறிக்கையின் கதை பலருக்கும் தெரிந்ததே. 1941இல் அவரைத் தொழிலாளர் அமைச்சகத்திலிருந்து அகற்றும் பொருட்டே அந்தக் குழுவுக்குத் தலைவராக அனுப்பினார்கள். ஒதுக்கப்பட்டோமே என்று கண்கலங்கிய மனிதர், அக்குழுவிலிருந்தே தம் வாழ்நாளின் பெரும் சாதனையைச் செய்தார். டிசம்பரில் வெளியான அந்த அறிக்கையை வாங்க லண்டனில் வரிசை நின்றது. சுருக்கப் பதிப்பும் சேர்த்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றன. வேலையின்மை உதவிக்குக் குடும்ப வருமானச் சோதனை கூடாது, காலவரம்பும் கூடாது என்று அதில் எழுதினார். நெடுநாள் வேலையின்றி இருப்பவர் பயிற்சிக்குச் செல்ல வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. 1906இல் கோடு கிழித்த அதே கைதான் இதையும் எழுதியது. 1946ஆம் ஆண்டுச் சட்டம் சோதனையை விலக்கியது, காலவரம்பை விடவில்லை. பொதுவாக 30 வாரங்கள் என நிறுத்திக்கொண்டது. 1948 ஜூலை 5 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1944இல் லிபரல் கட்சி சார்பில் நாடாளுமன்றம் சென்ற பெவரிட்ஜ், மறு ஆண்டுத் தேர்தலில் தோற்றுப்போயிருந்தார். அவர் திட்டத்தை நிறைவேற்றியது தொழிற்கட்சி அரசு. 1963 மார்ச் 16ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் காலமானார்.

நம் நாட்டில் 1944இல் பேராசிரியர் அதார்க்கர் ஆலைத் தொழிலாளருக்கான உடல்நலக் காப்பீட்டு அறிக்கையை அளித்தார். அதன் வழி வந்ததே 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம். நோய்க்கும் பேறுகாலத்துக்கும் பணியில் நேரும் காயத்துக்கும் அதில் வழி இருந்தது, வேலையிழப்புக்கு இல்லை. அதற்கான படி 2005இல்தான் சேர்ந்தது. 2018இல் மற்றொரு திட்டம் வந்தது. 2020இல் அதன்படி சராசரி ஊதியத்தில் பாதி, 90 நாட்கள் வரை வழங்கப்பட்டது. அப்பாவுக்காக நான் நிரப்பியது அதற்கான படிவம்தான்.

இக்கட்டுரையை எழுதும் முன் அப்பாவிடம் இந்த வரலாற்றைச் சொன்னேன். ரங்பூர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பிறகு, அந்த ஏழு ஷில்லிங் அவர்களுக்குக் காணுமா என்றார். ரவுன்ட்ரியின் கணக்கைச் சொன்னேன். நமக்குப் பாதியாவது வந்ததே என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.