சேட் வால்சந்த் ஹீராசந்த்: கூட்டாளிகளால் உயர்ந்த ஒரு சிராவகர்

நம் குடும்பங்களில் உழவும் ஆசிரியப் பணியுமே நெடுங்காலம் பெருவழக்காக இருந்தன. இன்று நம் பிள்ளைகள் பலர் நிர்வாகவியல் பயில்கின்றனர். அப்படிப்பில் குழு அமைத்தல் பற்றித் தனியே பாடம் நடத்துகின்றனர். அத்தகைய பாடம் ஏதும் இல்லாத காலத்திலேயே அதனைத் தொழிலில் நடத்திக் காட்டிய திகம்பர சமண இல்லறத்தார் ஒருவரை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டுமென விரும்புகின்றோம்.

வால்சந்த் ஹீராசந்த் தோஷி 1882ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் சோலாப்பூரில் பிறந்தார். முன்னோர் குஜராத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். பருத்தி வாணிகமும் வட்டித் தொழிலும் குடும்பத்துக்கு உரியவை. பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தார். பம்பாயிலும் புனாவிலும் கல்லூரியில் பயின்றும் பட்டம் பெறாமலேயே தொழிலுக்கு வந்தார். குலத் தொழிலில் அவருக்கு மனம் ஒட்டவில்லை.

இந்நிலையில் லட்சுமணராவ் பாட்டக் என்பாருடன் அவருக்கு நட்பு ஏற்பட்டது. பாட்டக் மராட்டிய அந்தணர். ரயில்வேயில் எழுத்தராக இருந்து ஒப்பந்த வேலைக்கு வந்தவர். வேலையின் நுணுக்கம் அவருக்குத் தெரியும். முதல் திரட்டும் வசதி வால்சந்த்துக்கு உண்டு. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. இருவரும் சேர்ந்து ரயில் பாதை போடும் ஒப்பந்தங்களை எடுத்தனர். தம் குலத்தாரையும் உறவினரையும் மட்டுமே கூட்டாளிகளாகக் கொள்வது வணிகர் வழக்கமாக இருந்த அந்நாளில் இது புதுமை என்றே சொல்லவேண்டும். நம்பிக்கைக்கு உறவு ஒன்றே அடையாளம் என அவர் எண்ணவில்லை. அவர் வாழ்க்கை முழுவதற்கும் இதுவே அடிப்படை என்பது எம் கருத்து.

1919ஆம் ஆண்டு அவர் பெயரை நாடறியச் செய்தது. குவாலியர் மகாராஜா சிந்தியாவிடம் ஒரு நீராவிக் கப்பல் இருந்தது. முதல் உலகப் போரில் அது மருத்துவக் கப்பலாகப் பணியாற்றியது. அது விற்பனைக்கு வந்திருப்பதை அறிந்த வால்சந்த் அதனை வாங்க முனைந்தார். தனியே முனையவில்லை. ஆலை அதிபர் நரோத்தம் முரார்ஜி, பருத்தி வணிகர் கிலாசந்த் தேவ்சந்த், கூட்டுறவு இயக்கத்திலும் நிதித்துறையிலும் தேர்ந்த லல்லுபாய் சாமள்தாஸ் ஆகிய மூவரைச் சேர்த்துக்கொண்டார். சிந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி தோன்றியது. எண்ணம் வால்சந்த்துடையது, எனினும் தலைவர் பதவியில் அமர்ந்தவர் நரோத்தமரே. பம்பாயில் மூத்தவராகவும் மதிப்பு மிக்கவராகவும் விளங்கிய ஒருவர் முன்னே நிற்பது கம்பெனிக்கு நலம் என்பதை உணர்ந்து, இவர் பத்தாண்டுகள் இரண்டாம் இடத்தில் இருந்தார். இதனைச் சிறிய செயலாக நாம் கருதலாகாது. ஒரு தொழிலைத் தொடங்கியவர் தலைமையை மற்றவரிடம் விட்டுக்கொடுப்பது இன்றும் அரிது.

1919 ஏப்ரல் 5ஆம் நாள் ‘லாயல்டி’ எனும் அக்கப்பல் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி வாளாவிருக்கவில்லை. சரக்குக் கூலியைப் பெரிதும் குறைத்துப் போட்டியிட்டது. தூத்துக்குடியில் 1906இல் வ. உ. சிதம்பரனார் நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனியை எதிர்த்ததும் இதே கம்பெனிதான். 1908இல் வ. உ. சி. சிறைப்பட்டார், 1911இல் அவர்தம் கம்பெனி கலைக்கப்பட்டது. அவர்மீது பாய்ந்த அடக்குமுறை பம்பாய் முதலாளிகள்மீது பாயவில்லை என்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் முறையன்று. ஆயினும் ஒருவர் தோளில் மட்டும் நின்ற முயற்சிக்கும் பலர் தோளில் நின்ற முயற்சிக்கும் உள்ள வேறுபாட்டை நாம் இங்கே காண்கின்றோம். 1923இல் சிந்தியா கம்பெனி ஓர் உடன்படிக்கைக்கு இணங்கியது. கடற்கரை வாணிகத்துக்குள் தன்னைச் சுருக்கிக்கொள்ள நேர்ந்தது. கசப்பான உடன்பாடுதான், ஆனால் கம்பெனி பிழைத்தது.

1929இல் நரோத்தமர் விபத்தில் மறைந்தபின் வால்சந்த் தலைவரானார். தக்காரைத் தேர்ந்து பொறுப்பளிப்பதில் அவர் வல்லவர். கல்கத்தா அலுவலை ககன்விஹாரி மேத்தாவிடம் ஒப்படைத்தார். இவரே விடுதலைக்குப்பின் அமெரிக்காவில் இந்தியத் தூதராக இருந்தவர். நரோத்தமரின் மகன் சாந்திகுமாரும் மருமகள் சுமதி முரார்ஜியும் நிர்வாகத்தில் இருந்தனர். 1946இல் கம்பெனியின் முழுப்பொறுப்பும் அவ்வம்மையாரின் கைக்கு வந்தது. ஆண்களே ஆண்ட கப்பல் தொழிலில் ஒரு பெண்மணி அவ்விடத்துக்கு வந்தது அந்நாளில் வியப்புக்குரியது.

இதற்கிடையே கட்டுமானத் தொழிலும் வளர்ந்தது. டாட்டா குடும்பத்தாருடன் கூடிப் போர்காட் மலையில் ரயில் சுரங்கங்கள் அமைத்தார். ராவல்காவிலும் வால்சந்த்நகரிலும் கரும்புப் பண்ணைகளும் சர்க்கரை ஆலைகளும் எழுந்தன. 1944இல் பிரீமியர் மோட்டார் வாகனக் கம்பெனி தோன்றியது.

1940 டிசம்பரில் பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானக் கம்பெனி பதிவாயிற்று. அமெரிக்கரான வில்லியம் பாலியின் தொழில் அறிவும், மைசூர் சமஸ்தானத்தின் நிலமும் முதலும், திவான் மிர்சா இஸ்மாயிலின் ஆதரவும், வால்சந்த்தின் ஊக்கமும் ஒன்றுகூடின. வெவ்வேறு நாட்டையும் சமயத்தையும் சேர்ந்த மூவரை ஒரே காரியத்தில் இணைத்தது அவர் திறமை. 1942இல் இந்திய அரசு அதனைத் தன்வசமாக்கிக்கொண்டது.

கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட சமணர் ஒருவர் போர் விமானத் தொழிற்சாலை தொடங்கலாமா என்று வாசகர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. இல்லறத்தார்க்கு சங்கல்ப இம்சையே முற்றிலும் விலக்கு. தொழிலால் வருவதும் தற்காப்பால் வருவதும் இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டியவை என நம் ஆசாரியர்கள் பகுத்துள்ளனர். நாட்டின் காப்பு என்னும் வகையில் இது விரோதி இம்சையில் அடங்கும் எனலாம். எனினும் இதில் ஆதாயமும் கலந்திருந்தமையால் வினா முற்றும் தீர்ந்துவிடவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் துறைக்கு 1941 ஜூன் 21ஆம் நாள் இராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் அந்நகரில் குண்டு வீசினர், வேலை தடைப்பட்டது. விடுதலைக்குப் பின்னர், 1948 மார்ச் 14ஆம் நாள் ‘ஜல உஷா’ எனும் கப்பலைப் பிரதமர் நேரு கடலில் இறக்கிவைத்தார்.

தொடங்குவதில் இருந்த வேகம் ஒன்றிலேயே நிலைத்து நிற்பதில் வால்சந்த்துக்கு இல்லை. ஒன்று முடியுமுன் அடுத்ததில் இறங்குவார். அவர் விட்டதைத் தாங்கிப் பிடிக்க ஆட்கள் இருந்தமையால் அக்குறை பெரிதாகவில்லை. 1949இல் பக்கவாதம் தாக்கியது. 1950இல் பொறுப்புகளிலிருந்து விலகினார். தம்பியர் குலாப்சந்த், ரத்தன்சந்த், லால்சந்த் ஆகியோர் தொழில்களை ஏற்று நடத்தினர். துணைவியார் கஸ்தூர்பாய் அவரைப் பேணிவந்தார். 1953 ஏப்ரல் 8ஆம் நாள் குஜராத்திலுள்ள சித்தபுரத்தில் அவர் உயிர் நீத்தார். ‘லாயல்டி’ பம்பாயிலிருந்து புறப்பட்ட ஏப்ரல் 5ஆம் நாள், 1964 முதல் தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது.