விண்ணில் கோள் தேடிய கேப்டன் ஜேக்கப்

வென்றவர் வரலாற்றை விரும்பிப் படிக்கிறோம். தவறியவர் வரலாற்றை எளிதில் மறந்துவிடுகிறோம். ஆனால் தவறியும் பெருமை குன்றாதவர் சிலர் அறிவியல் உலகில் உண்டு. அவருள் ஒருவர், நாம் பயிலும் இந்தப் பம்பாய் நகரில் இளைஞராக வந்திறங்கியவர். நம் சென்னையில் இரவெல்லாம் விழித்திருந்து விண்ணை அளந்தவர். அவரே கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். வேறொரு ஞாயிற்றுக்கும் கோள் இருக்கலாம் என்று அளந்து பார்த்துச் சொன்ன முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

1813ஆம் ஆண்டு இங்கிலாந்தில், சாமர்செட் பகுதியில், ஒரு பாதிரியாரின் மகனாக அவர் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம் கல்லூரியில் பயின்றார். 1831இல் பம்பாய்ப் பொறியாளர் படையைச் சேர்ந்தவராக இங்கு வந்தார். நாட்டை முக்கோணங்களாகப் பகுத்து அளந்த பெரும் நில அளவைப் பணியில் சில ஆண்டுகள் உழைத்தார். பகலில் மண்ணை அளந்தவரின் மனமோ விண்ணை நாடியது. 1842இல் பூனாவில் தமக்கெனச் சிறு வானாய்வுக்கூடம் ஒன்றை அமைத்துக்கொண்டார். கேப்டன் பதவி கிடைத்ததும் படைப்பணியைத் துறந்தார். பதவி உயர்வைவிட விண்மீன்களே அவருக்குப் பெரிதாகத் தோன்றின. பூனாவில் தாம் கண்ட 244 இரட்டை விண்மீன்களைப் பட்டியலாக்கினார்.

1848இன் இறுதியில் சென்னை வானாய்வுக்கூடத்தின் தலைமை அவரைத் தேடி வந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த கூடம் அது. அதன் கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அங்குதான் ஜேக்கப் தம் வாழ்வின் பெரிய வினாவை எதிர்கொண்டார்.

ஓபியூக்கஸ் என்னும் விண்மீன் கூட்டத்தில் 70 என எண்ணிடப்பட்ட இரட்டை விண்மீன் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று ஏறத்தாழ 88 ஆண்டுகளில் சுற்றி வருகின்றன. கணக்கு காட்டும் இடத்தில் அவை நில்லாமல் சற்றே விலகி நிற்பதை ஜேக்கப் கண்டார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இழுக்கிறது. அது ஒரு கோளாக இருக்கக்கூடும் என்று 1855இல் எழுதினார். கண்டேன் என்று அவர் சொல்லவில்லை. இருக்கக்கூடும் என்றே சொன்னார். இந்த அடக்கத்தை நாம் மறத்தலாகாது.

பிற்காலத்தில் சீ என்னும் அமெரிக்கர் அதே விண்மீனில் மூன்றாம் பொருள் உண்டு என்றார். சீ குறித்த பாதையில் எப்பொருளும் நிலைத்திராது என்று 1899இல் மோல்டன் என்பவர் கணித்துக் காட்டினார். இன்றுவரை அங்கே எந்தக் கோளும் உறுதிப்படவில்லை. மிக நுண்ணிய அளவுகளில் நேர்ந்த பிழைகளே கோள் போல மயக்கியிருந்தன.

சென்னை வெப்பம் ஜேக்கபின் உடலை வாட்டியது. தாயகம் திரும்பி, 1859இல் பதவி விலகினார். ஆயினும் ஆசை அடங்கவில்லை. உயர்ந்த மலையில் காற்று மெலிந்து நிற்கும். அங்கிருந்து பார்த்தால் விண்மீன் நடுங்காமல் தெரியும் என்று அவர் நம்பினார். பூனாவுக்கு அருகே மலைமேல் ஒரு கூடம் அமைக்க 1862இல் இசைவும் பொருளுதவியும் கிடைத்தன. ஒன்பது அங்குல வில்லை ஒன்றையும் வாங்கியிருந்தார். ஆகஸ்ட் 8ஆம் நாள் பம்பாயில் இறங்கினார். எட்டே நாள்! 16ஆம் நாள் பூனாவில் அவர் உயிர் பிரிந்தது. மனைவியும் மக்கள் எண்மரும் அவரை இழந்து நின்றனர். மலைக்கூடம் கனவாகவே போயிற்று.

அவர் தேடியது அத்துணை அரிதா? மாட்டுங்காவின் தெருவிளக்கருகே பறக்கும் மின்மினியைத் தாராவியிலிருந்து காண முடியுமா? நம் ஞாயிற்றின் ஒளியில் வியாழன் தருவது ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கே. அயல் விண்மீன்களின் கோள்களைக் காண்பதும் இத்தகையதே. எனவே விண்மீனின் ஒளியை மறைக்கும் கருவி வேண்டும். காற்றின் நடுக்கத்தை நொடிதோறும் திருத்தும் ஆடி வேண்டும். பிறந்து நெடுங்காலம் ஆகாத பெருங்கோள்களில் இன்னும் வெப்பம் மிகுந்திருக்கும். அவை வீசும் அகச்சிவப்பு ஒளியைப் பிடிக்க வேண்டும். இவையெல்லாம் கூடியபின், 2008 நவம்பரில், ஏறத்தாழ 130 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எச்.ஆர். 8799 என்னும் விண்மீனைச் சுற்றும் மூன்று பெருங்கோள்களின் படம் வெளியாயிற்று. நான்காவது 2010இல் தெரிந்தது. ஒவ்வொன்றும் வியாழனைப்போல் பன்மடங்கு நிறையுடையது.

அந்தப் படங்களை எடுத்த தொலைநோக்கிகள் எங்கே நின்றன? ஹவாய்த் தீவில், 4,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த மவுனா கியா மலையின் உச்சியில். அந்த ஆடிகள் எட்டு மீட்டர், பத்து மீட்டர் அகலம் கொண்டவை. ஜேக்கபின் வில்லையோ ஒன்பது அங்குலம். கருவி வேறு; ஆனால் மலையேறிக் காண வேண்டும் என்ற அறிவு ஒன்றே.

மாணவத் தோழர்களே! ஜேக்கபின் கோள் பொய்த்தது. அவர் கேட்ட கேள்வி பொய்க்கவில்லை. விடை தவறிவிடுமோ என்று அஞ்சி வினாவையே கைவிடுவோர் நம்மிடையே பலர். ஐயத்தை ஐயமென்றே சொல்லி, உழைப்பைக் குறைக்காது நடந்தவர் அவர். அடுத்த முறை பூனா செல்லும் இரயிலில் மலைத்தொடர் தெரியும்போது, கையில் வில்லையோடு வந்து எட்டு நாளில் மறைந்த அந்த மனிதரை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.